பட்டு என்னும் கருப்பொருள்

பெங்களூருவில் நடந்த ஒரு கருத்தரங்கின்பொருட்டு மகாத்மா காந்தி சாலையிலுள்ள 'தி பார்க்' விடுதியில் இரண்டு இரவுகள் தங்க நேர்ந்தது. ஆய்வு மாணவரின் பயணப்படிக்கும் அத்தகைய விடுதிக்கும் உள்ள தொலைவு இதைப் படிக்கும் நண்பர்களுக்குத் தெரியும். அழைத்தவர்களின் விருந்தினர் இல்லம் பழுதுபார்ப்பில் இருந்தது. வெளிநாட்டுப் பேராசிரியர்களுக்கென எடுத்திருந்த அறைகளில் ஒன்று மிஞ்சியது. அது எனக்கு வந்தது. திரும்பி வந்ததும் தோழி ஒருத்தி 'எப்படி இருந்தது?' என்று கேட்டாள். 'அழகாக இருந்தது' என்றேன். அது உண்மை. ஆனால் அந்த அழகு எதனால் ஆனது என்று விளக்கத் தொடங்கியபோது பேச்சு நீண்டுகொண்டே போயிற்று. அந்தப் பேச்சைத்தான் இங்கே எழுதி வைக்கிறேன்.

வடிவமைப்பையே தன் முகமாகக் கொண்ட சிறுவிடுதியைப் 'பூட்டிக்' விடுதி என்று அழைக்கும் வழக்கம் பழையதன்று. 1984இல் நியூயார்க்கில் ஐயன் ஷ்ரேகர், ஸ்டீவ் ரூபெல் என்னும் இருவர் 'மார்கன்ஸ்' என்ற விடுதியைத் திறந்தார்கள். அதற்குமுன் 'ஸ்டூடியோ 54' என்ற இரவு விடுதியை நடத்திப் பேர்பெற்றவர்கள். பெயரோடு வரி ஏய்ப்புக்கான சிறைத்தண்டனையும் பெற்றவர்கள். பெரிய விடுதிகளெல்லாம் எல்லாப் பொருளும் கிடைக்கும் பேரங்காடிகள், எங்களுடையது தேர்ந்தெடுத்த சிலவற்றை மட்டும் வைத்திருக்கும் சிறுகடை என்று ரூபெல் சொன்ன ஒப்புமையிலிருந்து அந்தப் பெயர் பரவியது. தியாகராய நகர் அறிந்தவர்களுக்கு இந்த வேறுபாட்டை மேலும் விளக்க வேண்டியதில்லை.

இந்தியாவில் இந்த வகைக்கு முன்னோடியாகச் சொல்லப்படும் விடுதிகளில் ஒன்று 2000ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட பெங்களூரு பார்க். கொல்கத்தாவின் பார்க் தெருவில் 1967இல் முதல் விடுதியைத் தொடங்கிய குழுமத்தினுடையது இது. உள்வடிவமைப்பை லண்டனைச் சேர்ந்த கான்ரன் நிறுவனத்திடம் ஒப்படைத்தார்கள். டெரன்ஸ் கான்ரன் 1964இல் 'ஹேபிடாட்' என்னும் அறைகலன் கடையைத் தொடங்கி, நடுத்தர ஆங்கிலேயரின் வீட்டு ரசனையையே மாற்றியவர். லண்டனின் வடிவமைப்பு அருங்காட்சியகம் உருவானதில் பெரும்பங்கு உடையவர். அவருடைய நிறுவனம் பெங்களூருவுக்கு வந்து இந்த நகரத்தைப் படித்தது. படித்து இரண்டு சொற்களைத் தேர்ந்தெடுத்தது. ஒன்று பட்டு, மற்றொன்று கணினி.

கணினி பெயர்களில் ஏறியது. மதுக்கூடத்துக்கு 'ஐ-பார்' என்று பெயர். இத்தாலிய உணவகத்துக்கு 'ஐ-டி.அலியா', 'இத்தாலியா' என்ற சொல்லை நறுக்கி அதற்குள் 'ஐ.டி.' துறையை ஒளித்து வைத்த சிலேடை. காளமேகம் இருந்திருந்தால் புன்னகைத்திருப்பார். 2000ஆம் ஆண்டின் பெங்களூருவுக்கு அது பொருத்தமான சிலேடைதான். பட்டு நிறங்களில் ஏறியது. மைசூர்ப் பட்டின் அடர்ந்த வண்ணங்களை எடுத்து, நேர்கோடுகளும் வெண்பரப்புகளும் கொண்ட நவீன அறைக்குள் அங்கங்கே வைத்தார்கள்.

ஒரு சிறிய இடையீடு. இந்த நகரத்தில் பட்டும் மென்பொருளும் உண்மையாகவே சந்தித்துக்கொள்ளும் இடம் ஒன்று உண்டு. மத்தியப் பட்டு வாரியத்தின் தலைமை அலுவலகம் இருக்கும் ஓசூர்ச் சாலைச் சந்திப்பு. எலக்ட்ரானிக் சிட்டிக்குப் போகும் மென்பொருள் ஊழியர்கள் அங்கே போக்குவரத்து நெரிசலில் சிக்கி நின்று நின்று, 'சில்க் போர்டு' என்றாலே நெரிசல் என்று பொருள்கொள்ளும்படி ஆகிவிட்டது. விடுதிக்குள் இணக்கமாக இருக்கும் இரண்டு கருப்பொருள்களும் வெளியே ஒன்றையொன்று நகரவிடாமல் நிற்கின்றன.

இனி என் பக்கக் கதை. எங்கள் ஊர் தருமபுரி மாவட்டத்தில் பாலக்கோட்டுக்கு அருகில் இருக்கிறது. அப்பா பட்டுப்புழு வளர்ப்பவர். ஒன்றேகால் ஏக்கரில் மல்பெரி, வீட்டை ஒட்டி ஒரு புழு வளர்ப்பு மனை. கூடு விற்கத் தருமபுரி சந்தைக்கும் போவார். விலை நன்றாக இருக்கிறது என்று செய்தி வந்தால் இரவோடு இரவாகக் கர்நாடகத்தின் ராமநகரத்துக்கும் போவார். பெங்களூருவிலிருந்து மைசூரு செல்லும் சாலையில் ஏறக்குறைய 50 கிலோமீட்டரில் இருக்கும் அந்தக் கூட்டுச்சந்தை ஆசியாவிலேயே பெரியது என்று சொல்லப்படுவது. ஆகவே பெங்களூரு என்ற பெயர் எங்கள் வீட்டில் முதலில் ஒரு நகரத்தின் பெயரன்று. அப்பா நள்ளிரவில் மூட்டைகளோடு கடந்துபோகும் ஒரு வழியின் பெயர்.

புழு வளர்க்கும் வீட்டில் பட்டு என்பது நிறமாக இருப்பதில்லை. ஒலியாக இருக்கிறது. முட்டையிலிருந்து வெளிவந்த புழு நான்கு முறை தோலுரித்து, ஐந்தாம் பருவத்துக்கு வரும்போது விரல் நீளம் ஆகிவிடும். வாழ்நாளில் உண்ணும் இலையில் பெரும்பகுதியை அந்தக் கடைசி ஏழெட்டு நாட்களில்தான் உண்ணும். அப்போது மனைக்குள் நுழைந்தால் ஓலைக்கூரையில் தூறல் விழுவதுபோல ஓசை கேட்கும். அந்த நாட்களில் அம்மாவும் அப்பாவும் முறைவைத்து உறங்குவார்கள். இலை ஈரமாக இருக்கக்கூடாது. பக்கத்து வயலில் பூச்சிமருந்து அடித்திருக்கக்கூடாது. வாசனைத் தைலம் பூசிய விருந்தாளி உள்ளே வரக்கூடாது. பருவம் முடிந்த புழு உடல் கண்ணாடிபோல ஒளிரத் தொடங்கும். அதைப் பொறுக்கிச் சந்திரிகை என்னும் வட்டமான மூங்கில் தட்டில், சுருள்சுருளாக வைத்த பட்டைகளுக்கு இடையில் விட்டால் இரண்டு மூன்று நாட்களில் கூடு கட்டி முடிக்கும். ஒரு கூட்டில் ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர் நீளத்துக்கு அறுபடாத ஒற்றை இழை. அந்த இழை அறாமல் கிடைக்க வேண்டுமானால் பூச்சி கூட்டைத் துளைத்து வெளிவரும் முன் உள்ளிருக்கும் புழுவைச் சூட்டில் கொல்ல வேண்டும். பிறகு கொதிநீரில் கூட்டை வேகவைத்து, நுனி தேடி, நூற்க வேண்டும். கூடு விற்பதோடு எங்கள் வேலை முடிந்துவிடும். கொதிநீர் வேறு கைகளுக்கு உரியது. ராமநகரத்திலும் சிட்லகட்டாவிலும் அந்தக் கைகளை நான் பார்த்திருக்கிறேன். விரல்நுனிகள் நாளெல்லாம் நீரில் ஊறி வெளுத்திருக்கும்.

எங்கள் பக்கத்தில் வெகுகாலம் வளர்த்தது மஞ்சள் கூடு. மைசூர் இனத்துப் புழுவைக் கலந்து பெற்ற கலப்பினம். அந்த மஞ்சள் இழைக்கு உரியதன்று. இழையைச் சுற்றியிருக்கும் பசைக்கு உரியது. வேகவைத்துப் பசையை நீக்கியதும் நிறமும் போய்விடும்; எடையில் கால்பங்குக்கு நெருக்கமாகவும் போய்விடும். வெண்மையாகிவிட்ட நூலில்தான் சாயம் ஏற்றுகிறார்கள். ஆகவே விடுதியில் நான் கண்ட கருநீலமும் பச்சையும் செம்மஞ்சளும் பட்டின் நிறங்கள்தான் எனினும், கூட்டின் நிறம் போன பிறகு வந்தவை.

தமிழ் மாணவர்களுக்கு இங்கே ஒன்று நினைவுக்கு வரும். 'தீம்' என்பதற்கு நாம் 'கருப்பொருள்' என்று எழுதுகிறோம். தொல்காப்பியர் அந்தச் சொல்லின்கீழ்த் தொகுப்பவற்றில் தெய்வமும் உணவும் விலங்கும் மரமும் பறவையும் பறையும் யாழும் மட்டும் இல்லை, 'செய்தி'யும் இருக்கிறது. செய்தி என்றால் அந்நிலத்து மக்கள் செய்யும் தொழில். தினை மட்டும் குறிஞ்சியைக் குறிஞ்சியாக்குவதில்லை. தினைப்புனம் காப்பவளும் வேண்டும். ஒரு நிலத்தின் பொருளை எடுத்துக்கொண்டு அதன் செய்தியை விட்டுவிட்டால் நம் இலக்கணப்படி அது பாதிக் கருப்பொருள். வடிவமைப்பாளர்கள் தொல்காப்பியம் படித்திருக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. நம்மிடம் இப்படியோர் அளவுகோல் இருக்கிறது என்பதைச் சொல்கிறேன்.

இதே குழுமத்தின் சென்னை விடுதியை நோக்கினால் இது இன்னும் தெளிவாகும். அண்ணா சாலையில் ஜெமினி ஸ்டூடியோ இருந்த இடத்தில் 2002இல் அது திறக்கப்பட்டது. அங்கே கருப்பொருள் திரைப்படம். எஸ். எஸ். வாசனின் ஜெமினியில் 1950களிலும் 60களிலும் வேலைபார்த்த அசோகமித்திரன், அந்த வளாகத்தின் அன்றாடத்தைப் பின்னாளில் ஆங்கிலத்தில் ஒரு நூலாகவே எழுதினார். அவர் எழுத்தில் ஜெமினி என்பது ஒப்பனைக்காரர்களும் காரோட்டிகளும் எழுத்தர்களும் தத்தம் கவலைகளோடு நடமாடும் இடம். விடுதியில் அது சுவரொட்டிகளின் கவர்ச்சி. அதே விடுதியின் மதுக்கூடத்துக்கு 'லெதர் பார்' என்று பெயர். சென்னையின் தோல் ஏற்றுமதியை நினைவூட்டுவதற்காக அப்படி வைத்தார்கள். அந்தத் தோல் பதப்படும் வாணியம்பாடி, ஆம்பூர், இராணிப்பேட்டைப் பக்கத்துப் பாலாற்றங்கரைக் கிணறுகளின் நிலை உச்ச நீதிமன்றம்வரை போய், 1996ஆம் ஆண்டு வேலூர்க் குடிமக்கள் நலமன்ற வழக்கின் தீர்ப்பாக வெளிவந்தது. மாசுபடுத்துபவரே அதற்கான விலையைக் கொடுக்க வேண்டும் என்ற நெறியைச் சுற்றுச்சூழல் சட்டம் படிக்கும் ஒவ்வொரு மாணவரும் அந்தத் தீர்ப்பில்தான் படிக்கிறார்கள். ஆறாண்டுகள் கழித்துத் தோல் ஒரு மதுக்கூடத்தின் பெயராயிற்று.

பட்டுக்கும் இத்தகைய ஆவணம் உண்டு. 2003 சனவரியில் மனித உரிமைக் கண்காணிப்பகம் இந்தியப் பட்டுத் தொழிலில் கொத்தடிமைகளாக இருந்த குழந்தைகளைப் பற்றி ஓர் அறிக்கை வெளியிட்டது. கர்நாடகம், உத்தரப் பிரதேசம், தமிழ்நாடு ஆகிய மூன்று மாநிலங்களிலும் நூற்பிலும் முறுக்கிலும் நெசவிலும் இருந்த பிள்ளைகளின் வாய்மொழிகள் அதில் இருக்கின்றன. காஞ்சிபுரமும் அதில் உண்டு. விடுதிக்கும் அந்த அறிக்கைக்கும் நேரடித் தொடர்பு எதையும் நான் கற்பிக்கவில்லை. ஒரே மூன்றாண்டுக்குள் ஒரே பொருளை இருவர் படித்திருக்கிறார்கள் என்பதுதான் என் கவனத்துக்கு வந்தது.

சரி, அதற்காக விடுதிச் சுவரில் புழுவையா மாட்ட முடியும் என்று நண்பர் ஒருவர் கேட்டார். நியாயமான கேள்வி. அறைக்கு வருபவர் உறங்க வருகிறார். பாடம் கேட்க வருவதில்லை. எங்கே சென்றாலும் ஒரே பழுப்புச் சுவரும் ஒரே ஓவியமும் மாட்டியிருக்கும் பெருவிடுதிகளில் தங்கும்போது எனக்கு இப்படியொரு கேள்வி எழுந்ததே இல்லை. அவை எந்த ஊரைப் பற்றியும் எதுவும் சொல்வதில்லை. பார்க் இந்த ஊரைப் பற்றி ஏதோ சொல்ல முனைந்தது. முனைந்ததனால்தான் அதனோடு வழக்காடத் தோன்றுகிறது. இரண்டில் எனக்குப் பிடித்தது எது என்று கேட்டால், வழக்காட இடம் தருவதே. இன்னொன்றும் சொல்ல வேண்டும். இக்குழுமத்தின் தலைவர் பிரியா பால் பழைய நாட்காட்டிப் படங்கள், விளம்பரத் தாள்கள், துணி ஆலைகளின் முத்திரைச் சீட்டுகள் என்று ஆயிரக்கணக்கில் சேகரித்தவர். அத்தொகுப்பு ஹைடெல்பர்க் பல்கலைக்கழகத்தின் துணையோடு மின்னுருவாக்கப்பட்டு, காட்சிப்பண்பாடு படிக்கும் மாணவர்களுக்குத் திறந்திருக்கிறது. நம்மில் சிலருடைய ஆய்வேடுகளின் அடிக்குறிப்புகளில் அது இருக்கிறது. விடுதிக்காரர்கள் என்று ஒரே சொல்லில் தள்ளிவிட முடியாது.

இரண்டாம் நாள் காலை அறையைத் துப்புரவு செய்ய வந்த அக்கா, என் மேசையிலிருந்த தமிழ்ப் புத்தகத்தைப் பார்த்துவிட்டு, 'தமிழாம்மா நீ?' என்றார். கோலார் தங்கவயல்காரர். மாரிகுப்பத்தில் விடியலுக்கு முன் ரயில் ஏறி, பெங்களூரு கண்டோன்மென்டில் இறங்கி, மாலை அதே வழியில் திரும்பும் பெருங்கூட்டத்தில் ஒருவர். அவருடைய அப்பாவும் தாத்தாவும் சுரங்கத்தில் இறங்கியவர்கள். 2001 பிப்ரவரி 28இல் தங்கச்சுரங்கம் மூடப்பட்டபோது அவருக்குத் திருமணமாகிச் சில மாதங்கள். 'இந்த ஓட்டல் தொறந்த மறுவருசம் எங்க சுரங்கம் மூடிச்சு' என்று நாட்காட்டிக் கணக்காகச் சொன்னார். அதில் புகார் எதுவும் இல்லை. சிவசமுத்திரத்தில் 1902இல் மின்சாரம் எடுத்தபோது அது முதலில் போனது தங்கவயலுக்கு. பெங்களூருவின் தெருவிளக்குகளுக்கு 1905இல்தான் வந்தது. இதை நான் சொன்னபோது அவருக்கு அது ஏற்கெனவே தெரிந்திருந்தது. 'எங்க ஊர் கரண்டு மிச்சம்தான் இந்த ஊருக்கு' என்று சிரித்தார்.

வரலாற்று மாணவர்கள் ஜானகி நாயரின் 'மைனர்ஸ் அண்ட் மில்ஹேண்ட்ஸ்' என்ற 1998ஆம் ஆண்டு நூலை அறிந்திருப்பார்கள். மைசூர் சமஸ்தானத்தின் சுரங்கத் தொழிலாளரையும் பெங்களூரு ஆலைத் தொழிலாளரையும் ஒரே நூலில் வைத்து எழுதியவர். அந்த இணைப்பு எவ்வளவு இயல்பானது என்பது எனக்கு அந்த அறையில் விளங்கியது. வெளியே, முன்பு சவுத் பரேட் என்று பெயர்கொண்டிருந்த அதே சாலை. 1809இல் அமைந்த கண்டோன்மென்ட்டுக்குச் சமையற்காரராகவும் கொத்தனாராகவும் ஒப்பந்தக்காரராகவும் வந்த தமிழர்களின் சாலை. நடக்கும் தொலைவில் அல்சூர். உள்ளே, பாலக்கோட்டுப் பட்டுக்காரர் மகளும் தங்கவயல் சுரங்கக்காரர் மகளும், ஒருத்தி விருந்தாளியாக, ஒருத்தி பணியாளராக. என்னை உட்காரச் சொல்லிவிட்டு அவர் விரிப்பை இழுத்துக் கட்டினார். நான் ஒரு முனையைப் பிடித்துக்கொள்ள எழுந்தேன். 'நீ உக்காரும்மா, கோணிப்பூடும்' என்றார். அதில் உபசாரத்தைவிடத் தொழிற்பெருமை மிகுந்திருந்தது. மூலை மடிப்பில் ஒரு சுருக்கம் இல்லை. எந்த வடிவமைப்பு இதழிலும் அந்த மடிப்பு இடம்பெறுவதில்லை; ஆனால் அந்த அறையை ஒவ்வொரு நாளும் மறுபடி வடிவமைப்பவர் அவர்தான்.

அன்றிரவு அப்பாவோடு பேசினேன். அறை எப்படி என்றார். குளிர்சாதனத்தில் 24 டிகிரி வைத்திருக்கிறேன் என்றேன். 'அஞ்சாம் பருவப் புழுவுக்கு வைக்கிற சூடுதான். நல்லாத் தூங்கு' என்றார். அவர் வேடிக்கையாகச் சொல்லவில்லை. பட்டுறை போட்ட திண்டு ஒன்றைப் படமெடுத்து அனுப்பினேன். அவர் நிறத்தைப் பற்றி எதுவும் கேட்கவில்லை. பக்கத்தில் வைத்து இன்னொரு படம் எடுத்து அனுப்பச் சொன்னார். அனுப்பினேன். கையால் தடவினால் ஆங்காங்கே இழை தடித்துத் தட்டுப்படுகிறதா என்றார். ஆம், தட்டுப்படுகிறது.

'ரெட்டக்கூட்டு நூலு பாப்பா' என்றார்.

இரண்டு புழுக்கள் நெருங்கி ஒரே கூடாகக் கட்டிவிடுவதுண்டு. இரண்டு இழைகளும் சிக்கிக்கொள்வதால் அதை மெல்லிய ஒரே சீரான நூலாக நூற்க முடியாது. திரித்திரியாக, தடித்தும் மெலிந்தும் வரும். புடவைக்கு ஆகாது. சந்தைக்குக் கொண்டுபோகும் முன் அம்மா அவற்றைத் தனியே பொறுக்கி ஒரு கூடையில் போடுவார். பொறுக்காமல் கலந்திருந்தால் மொத்தக் கூட்டின் விலையும் இறங்கும். அந்தக் கூடை கிடைத்த விலைக்குப் போகும். டூப்பியான் என்று பெயர்பெற்று, திரைச்சீலையாகவும் திண்டுறையாகவும் உலகமெங்கும் போகும் துணி அந்த வகை நூலிலிருந்து வருவது. அதன் சீரின்மைதான் அதன் அழகு என்று அறைகலன் இதழ்கள் எழுதுகின்றன. பெங்களூரு அந்தத் துணிக்குப் பேர்போன ஊர். இது எனக்குப் படித்து அறிந்த செய்தியாக முன்பே தெரியும். ஆனால் அம்மாவின் கழிவுக்கூடையும் இந்தத் திண்டும் ஒன்று என்று அதுவரை சேர்த்துப் பார்த்ததில்லை. அப்பாவுக்குச் சேர்த்துப் பார்க்கப் படம் ஒன்று போதுமானதாக இருந்தது.

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, ஒரு திண்டுறை என்ன விலை இருக்கும் என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை, மறுநாள் பக்கத்தில் கமர்ஷியல் தெருவில் விசாரித்துச் சொல்வதாகச் சொன்னேன். 'வெலையச் சொல்லு, அம்மாகிட்ட பேசணும்' என்றார். இப்போது எங்கள் வீட்டில் இரட்டைக்கூட்டுக்குத் தனி மூட்டை கட்டுகிறார்கள். சந்தையில் அதற்குப் பெரிய விலை எதுவும் கூடிவிடவில்லை. ஆனால் பேரம் பேசும்போது அப்பா அந்தப் படத்தைக் கைப்பேசியில் எடுத்துக் காட்டுகிறாராம்.